கேட்டுப் போகிற பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் கடிதக் கட்டோடு நிற்கும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒரு வருஷம் ஊழியத்துக்குப் போகிறோம், பணம் கொடுத்துத் தாங்குங்கள் என்று படித்த பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டுப் போவது அவருக்கு வருத்தமாக இருக்கிறது. சேவை செய்ய ஆசை இருந்தால் நாலைந்து வருஷம் சம்பாதித்துச் சேர்த்து, சொந்தப் பணத்தில் போகட்டும் என்பது அவருடைய யோசனை. பிள்ளைகளின் மானத்தை நினைத்துத்தான் அவர் எழுதியிருக்கிறார் என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனாலும் அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல இடம் தாருங்கள். கடிதம் நீளமாகப் போனால் சுருக்கிக்கொள்ளுங்கள். கணக்கு வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் சபையில் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். காலையில் கடைக்குப் போய் இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அதே வேலைதான். அப்படி ஒரு அம்மாவின் மூத்த மகள் நர்சிங் படித்தாள். அப்பா இல்லை. தம்பி பள்ளிக்கூடம் போகிறான். படிப்புக்கு வங்கியில் சுமார் மூன்று லட்சம் கல்விக் கடன். படித்து முடித்ததும் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலைக்குப் போய்க் கடனை அடைப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த நேரத்தில், ஒரு வருஷம் ஒடிசாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தொண்டு செய்யப் போகிறேன் என்று வந்து நின்றாள்.

ஆஸ்பத்திரி ராயகடா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேதான் நியமகிரி மலை. பாக்சைட் சுரங்கம் வேண்டாமென்று 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் ஒன்று போலச் சொன்னதைப் பத்திரிகையில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். மலையைச் சுற்றி கோந்த் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மழைக்காலம் வந்தால் மலேரியா. சிக்கிள் செல் என்னும் பரம்பரை இரத்த நோயும் அந்த மக்களிடையே அதிகம். படித்த நர்சுகள் அந்தப் பக்கம் போய்த் தங்குவது குறைவு. ஆஸ்பத்திரி அவளுக்குத் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தரும். சம்பளம் கிடையாது. போக்குவரத்து, மருத்துவக் காப்பீடு, கைச்செலவு எல்லாம் அவள் பொறுப்பு. அவளை அனுப்பும் சபை தாங்கினால் நல்லது என்று அவர்களே கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

இப்போது வாசகரின் யோசனையை இந்தப் பெண்ணுக்குப் பொருத்திப் பார்ப்போம். நாலைந்து வருஷம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டுப் போகட்டும், சரி. அந்த நாலைந்து வருஷத்தில் கடன் தவணை போகும். தம்பி கல்லூரிக்கு வந்துவிடுவான். அவளுக்கே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நகை, சீர் என்று வீட்டுக்கு இன்னொரு செலவு நிற்கும். சேர்ந்த பணம் முதலில் அங்கேதான் போகும், போகவும் வேண்டும். இருபத்திரண்டு வயதில் முடிவது இருபத்தேழில் முடியாது. அப்புறம் யார்தான் போவார்கள்? கடன் இல்லாமல் படித்தவர்கள், சம்பளத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லாதவர்கள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள், பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் போவதை நான் குறை சொல்லவில்லை, நன்றாகப் போகட்டும். ஆனால் கடவுளுக்கென்று ஒரு வருஷத்தைக் கொடுப்பதும் வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கிற பாக்கியமாகிவிட்டால், பீடித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எங்கள் பெண்களுக்குச் சபையில் என்ன மிச்சம் இருக்கிறது? காணிக்கைப் பையில் போட மட்டும்தான் அவர்களா?

இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்டுப் போவதால்தான் ஏழை வீட்டுப் பிள்ளையாலும் போக முடிகிறது.

எங்கள் சேகரக் கமிட்டியிலும் (ஒரு போதகரின் கீழ் வருகிற சபைகள் சேர்ந்ததுதான் சேகரம்) முதலில் இது எளிதாக நடக்கவில்லை. ரயில் செலவு, காப்பீடு, கைச்செலவு வரைக்கும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவள் கொண்டு வந்த தாளில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, மாதம் 3,000 ரூபாய் அம்மாவுக்கு வீட்டுச் செலவு. இரண்டாவது, கல்விக் கடன் தவணை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் வங்கி தவணை கேட்காது. அதற்குள் வட்டி மட்டும் ஏறும். அவள் படிப்பை முடித்தது அக்டோபரில், ஒடிசாவுக்குக் கிளம்ப வேண்டியது அடுத்த ஜூனில். அந்த நவம்பரில் தவணை தொடங்கிவிடும். அவள் திரும்பி வருகிற மே மாதம் வரைக்கும் ஏழு தவணை, மாதம் 4,800 ரூபாய். இந்த இரண்டு வரியைப் பார்த்ததும் கமிட்டியில் ஒரு பெரியவர், "ஊழியத்துக்குத்தான் நாம தாங்குதோம், வீட்டுக் கடனையும் சபை கட்டணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே இருந்த பலருடைய வாயில் வராமல் நின்ற கேள்வியும் அதுதான்.

நான் சொன்ன பதில் இது. வடக்கே ஊழியத்துக்குப் போகிற குடும்பங்களை நம் சபைகள் தாங்கும்போது அவர்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் சேர்த்துத்தானே தாங்குகிறோம்? அது வீட்டுச் செலவு, நமக்கு என்ன என்று யாரும் சொன்னதில்லை. கல்யாணமான ஊழியருக்குப் பிள்ளைகள் இருப்பது போல, இந்தப் பெண்ணுக்கு அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள். அவளை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டால், அவள் அங்கே ஒரு நாள்கூட நிம்மதியாக வேலை செய்ய மாட்டாள். பிறகு அவளுடைய அம்மாவே எழுந்து பேசினார். சபைக் கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. "எம் மவளை அனுப்புததே என் காணிக்கை. அவ சம்பளம் வரும்னு நினைச்சிருந்தேன், அதையும் சேத்துத்தான் குடுக்கேன். அதுக்கு மேல என்கிட்ட இல்ல" என்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கணக்கு இதுதான். வீட்டுக்குப் பன்னிரண்டு மாதம் 36,000. கைச்செலவு, போன் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 வீதம் 18,000. கடன் தவணை 33,600. போக வர ரயில், புறப்படும் முன் நடக்கும் பயிற்சிக்கான பயணம் இரண்டுக்கும் 8,000. காப்பீடு 6,000. கொசுவலை, மழைக்கோட்டு, குளிருக்கு ஸ்வெட்டர், நல்ல செருப்பு, டார்ச் என்று 3,400. மொத்தம் 1,05,000 ரூபாய். ஒரு ஆலயத்துக்கு முகப்பு வளைவு கட்ட எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆலயம் கட்டக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் கேட்கும்போது வராத கூச்சம் ஒரு பிள்ளைக்காகக் கேட்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்பது எனக்குப் புரியவில்லை.

கேட்பது நம் சபைக்குப் புதிது என்பது போல வாசகர் எழுதியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். திருநெல்வேலிச் சபையே கேட்டு வாங்கி வளர்ந்த சபை. களக்காடு பக்கத்து டோனாவூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் அங்கே ஆலயம் கட்டப் பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு ஒருவரின் பெயர் டோனா. ஊரின் பெயரே கொடுத்தவரின் பெயர். அது வெளிநாட்டுப் பிரபுவின் பணம், நம்முடையது இல்லை என்று சொல்லலாம். சரி, அடுத்ததைப் பாருங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தங்கள் ஆட்களை வெளியூருக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இவ்வளவு சபைகள் இருந்தும் நாம் யாரையும் அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரைக் குடைந்தது. அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்த, இன்றைய தெலங்கானாவின் தோர்னக்கல் பகுதிக்கு இங்கிருந்து ஆள் போனார்கள், இங்கிருந்தே பணமும் போனது. 1909-இல் அசரியாவே தம் வேலையை விட்டு அங்கே போனார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் சபையில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் யார்? பண்ணையார்கள் மட்டுமா? பனையேறிகள் கருப்பட்டி கொடுத்தார்கள். கோழி கொடுத்தார்கள், முட்டை கொடுத்தார்கள், முதல் அறுப்பில் ஒரு மரக்கால் கொடுத்தார்கள். பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அடுப்பு மேடையில் அந்தப் பானை இருந்தது. பசியாக இருந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது என்று ஆச்சி சொல்வார். மிசோரத்தில் 1910-இல் இதே போல் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கையை இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சபை தன் ஊழியர்களை நாடு முழுக்க அனுப்பத் துணை நிற்பது அந்த அரிசிதான். நம் பக்கம் பானை போய்விட்டது. பிள்ளைகள் கடிதத்தோடு வந்து நிற்பதை அந்தப் பானையின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

வேதத்திலிருந்து ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஸ்பானியாவுக்குப் போகும் வழியில் உங்களிடம் வருவேன், அங்கிருந்து நீங்கள் என்னை வழிவிட்டனுப்ப வேண்டும், அதாவது பயணத்துக்கு உதவி செய்து அனுப்ப வேண்டும் என்று பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதினார். அந்தச் சபையை அதுவரை அவர் பார்த்ததுகூட இல்லை. கூடாரம் கட்டிச் சொந்தக் கையால் சம்பாதித்தவர்தான் அவர்; ஆனாலும் கேட்கக் கூச்சப்படவில்லை. இயேசுவும் சீஷர்களும் ஊர் ஊராகப் போனபோது யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவர்களுக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கொடுத்தவர்கள் பெயரை எழுதி வைத்த சுவிசேஷம் கேட்டதைக் குறைவாக நினைக்கவில்லை.

நாங்கள் எப்படிச் சேர்த்தோம் என்பதைச் சொல்கிறேன், வேறு சபைகளுக்கு உதவலாம். மொத்தமாக யாரிடமும் கேட்கவில்லை. ஒரே ஆள் ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டால் மீதி ஊர் வேடிக்கை பார்க்கும். அந்தப் பிள்ளையும் ஒருவருக்குக் கடன்பட்டது போல இருப்பாள். அதனால் மாதம் 50, 100, 200 என்று வாக்குக் கொடுக்கச் சொன்னோம். வாக்குக் கொடுத்தவர்களுக்கு ஒரு சிறிய அட்டை. முன்பக்கம் அவள் பெயரும் போகிற இடமும், பின்பக்கம் பன்னிரண்டு கட்டம், பணம் வாங்கும்போது ஒரு கையெழுத்து. ஜீபே வைத்திருப்பவர்கள் அதில் போட்டார்கள். மற்ற வீடுகளுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் மாதா மாதம் நடந்தார்கள். எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை வாங்கின அன்றைக்கே இருபது ரூபாயை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். பிள்ளைகள் தாமதமாகப் போனால் கோபித்துக்கொள்வார்.

மளிகைக்கடை அண்ணாச்சி நம் சபைக்காரர் இல்லை, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் நிற்கிறவர். அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. விஷயம் தெரிந்து அவராகவே கூப்பிட்டு, டார்ச்சும் ஸ்வெட்டரும் தன் செலவு என்று சொல்லிவிட்டார். அவர் மகனுக்கு டெங்கு வந்தபோது இதே பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் இருந்தாளாம். மதம் மாற்றத்தான் அனுப்புகிறீர்களா என்று பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வற்புறுத்தியோ ஏமாற்றியோ மதம் மாற்றுவதைத் தடுக்கும் சட்டம் ஒடிசாவில் 1967-ஆம் வருஷமே வந்துவிட்டது. அவள் போனது வார்டு டியூட்டிக்கு. காய்ச்சலோடு வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று பார்த்து நர்ஸ் ஊசி போடுவதில்லை. விசுவாசம் அவளைப் போகச் சொன்னது. போன இடத்தில் அவள் செய்தது நர்ஸ் வேலை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்து ஏலத்தை வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டும். ஒரு எலுமிச்சம்பழத்தை ஒருவர் ஐந்நூறுக்கு எடுப்பார், எடுத்த கையோடு "திரும்ப ஏலம் விடுங்க" என்று கொடுத்துவிடுவார். அடுத்தவர் நானூறுக்கு எடுத்து அவரும் திருப்பிக் கொடுப்பார். அந்த வருஷம் முருங்கைக்காய்க் கட்டு, சேவல், பனங்கிழங்கு, ஒரு பெரிய பூசணிக்காய் இவற்றின் ஏலப் பணத்தை அவளுக்கென்று ஒதுக்குவதாகக் கமிட்டி அறிவித்தது. பூசணிக்காய் நாலு கை மாறியது. ரயில் செலவும் காப்பீடும் அன்றைக்கே தீர்ந்தன.

எல்லாம் நன்றாகவே போனது என்று சொன்னால் அது உண்மை இல்லை. ஐந்தாறு மாதம் போனதும் சில வீடுகளில் பணம் நின்றது. பீடிக் கடையில் இலை குறைத்துக் கொடுத்தார்கள், வாரத்தில் சில நாள்தான் வேலை. அந்த வீடுகளில் போய் வாக்கை நினைவுபடுத்த எங்களுக்கு மனசு வரவில்லை, நினைவுபடுத்தவும் இல்லை. கடன் தவணை தொடங்கியதும் சரியாக அந்த நேரத்தில்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கிறிஸ்துமசுக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு விற்று இரண்டு தவணையைக் கட்டினார்கள். மும்பையில் இட்லிக் கடை வைத்திருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒரு தவணையை ஏற்றுக்கொண்டார். மீதி எப்படியோ வந்தது. ஒரு தவணைகூடத் தவறவில்லை.

அவள் மாதம் ஒரு கடிதம் எழுதினாள். வாட்ஸ்அப்பில் நாலு வரி போட்டு முடித்திருக்கலாம்; ஆனால் ஆராதனைக்குப் பிறகு வாசிக்க வேண்டும், போன் இல்லாத பாட்டிமாரும் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதித் தபாலில் அனுப்பினாள். மழை தொடங்கியதும் வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்ததை எழுதினாள். காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் விரலில் குத்தி மலேரியாவுக்குப் பார்ப்பார்களாம். மலையிலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கி வந்த ஆண்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம். அந்தப் பெண்ணுக்கு இரத்தம் மிகக் குறைவு, ஏற்ற வேண்டும். கூட வந்தவர்கள் கொடுக்கப் பயந்தார்கள். ஆஸ்பத்திரி சமையல்காரர் ஒருவர் கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று வாசித்தபோது எங்கள் ஆலயத்தில் பெண்கள் அழுதார்கள். நூறு ரூபாய் அட்டை வைத்திருந்த பெண்களுக்கு, அந்தக் குழந்தை பிறந்ததில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்தது. சொந்தப் பணத்தில் அவள் தனியாகப் போயிருந்தால் அந்தக் கடிதத்தை யாருக்கு எழுதியிருப்பாள்?

வாசகர் ஒரு விஷயத்தில் சொல்வது சரி. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரோ ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு, கீழே ஒரு செல்போன் நம்பரைப் போட்டுச் சுற்றுக்கு விடுகிறார்கள். அதற்காக எல்லோருக்கும் கதவைச் சாத்த வேண்டாம், கேள்வி கேளுங்கள் என்கிறேன். போகிற இடத்திலிருந்து கடிதம் இருக்கிறதா? அந்த ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நாமே போன் போட்டு விசாரிக்க முடியுமா? என்னென்ன செலவு என்று தாளில் எழுதியிருக்கிறதா? பணம் யார் கணக்கில் போகிறது? எங்கள் சபையில் அவள் பெயரில் பணம் வாங்கவில்லை. சேகரத்தின் கணக்கில் தனித் தலைப்பில் வரவு வைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று வைத்தோம். மாதம் முடிந்ததும் வரவு செலவு ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அந்த நோட்டை எழுதினது நான்தான்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கிற நம் ஆள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா ஆசையாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்கென்று பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் கணக்கும் இல்லாத சபை அதைத் தொடக் கூடாது. பாசத்தில் வாங்கிவிட்டு, பிறகு சபைதான் சிக்கலில் மாட்டும். வருமான வரிச் சலுகை கேட்கிறவர்களுக்கும் ஒன்று: அந்தச் சலுகைக்கான ரசீது தருகிற தகுதி எல்லாச் சபைக்கும் இருக்காது. அந்தத் தகுதி உள்ள தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

ஜெர்மனியில் இந்த மாதிரி ஒரு வருஷத் தொண்டை 1954-இல் பவேரியாவில் ஒரு லுத்தரன் போதகர்தான் தொடங்கி வைத்தார். பத்து வருஷத்தில், 1964-இல், அரசாங்கமே அதற்குச் சட்டம் போட்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கைச்செலவுப் பணமும் காப்பீடும் கிடைக்கின்றன. வெளிநாடு போகிறவர்களுக்கு 2008 முதல் அரசாங்கம் பெரும்பங்கு செலவைக் கொடுக்கிறது. அதற்குப் பிறகும் மீதிக்குச் சொந்த ஊரில் ஒரு ஆதரவாளர் வட்டத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அப்படி நம் நாட்டுக்கு வந்து விடுதிகளிலும் காது கேளாதோர் பள்ளிகளிலும் வேலை செய்கிற ஜெர்மன் பிள்ளைகளை நாம் மாலை போட்டு வரவேற்கிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அவர்களும் தங்கள் ஊரில் அத்தையிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டு வந்தால் பெருமை, நம் பிள்ளை கேட்டுப் போனால் அவமானமா? வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி)யில் சபைகளின் சிபாரிசில் படிக்கிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்துவிட்டு வருகிறார்கள். அங்கே சபை முதலில் தாங்குகிறது, பிள்ளை பிறகு உழைக்கிறது. அதை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

சேகரங்களிடம் நான் கேட்பது இதுதான். வருஷத் தொடக்கத்தில் பட்ஜெட் போடும்போது பண்டிகைச் செலவு, வர்ணம் பூசும் செலவு என்று எழுதுகிற இடத்தில், ஒரு வருஷத் தொண்டுக்குப் போகிற பிள்ளைக்கு என்று ஒரு தலைப்பு போடுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. தலைப்பு இருந்தால் பிள்ளைகளுக்குக் கேட்கத் தைரியம் வரும். அதில் வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் சேர்க்க வெட்கப்பட வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பிள்ளைகளாக வாயைத் திறந்து அதைச் சொல்ல மாட்டார்கள். போகிறவர்கள் நர்சும் டாக்டரும் ஆசிரியரும் மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். மலையடிவார ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் பார்க்க ஆள் வேண்டும், தண்ணீர்க் குழாய் பார்க்க ஆள் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும்.

அந்தப் பெண் திரும்பி வந்து இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். தவணையை அவளே கட்டுகிறாள். மாதம் 200 ரூபாய் எங்கள் கணக்குக்கு அனுப்புகிறாள், அடுத்துப் போகிற பிள்ளைக்கு என்று. அடுத்த பிள்ளையும் வந்துவிட்டான். பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவு படித்தவன், ஜார்க்கண்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜூன் மாதம் போக வேண்டும். அப்பா கல்குவாரியில் வேலை பார்க்கிறார், வீட்டில் இரண்டு தங்கைகள். அவனுடைய தாளையும் கமிட்டியில் வைத்தாயிற்று. பாதித் தொகைக்கு வாக்கு வந்திருக்கிறது, மீதிக்கு ஆராதனை முடிந்ததும் அவன் வாசலில் நிற்பான். உங்கள் வாசகர் எங்கள் பக்கம் வந்தால் அவனோடு பேசிப் பார்க்கட்டும். போன முறைக் கணக்கு நோட்டும் என்னிடம் இருக்கிறது, காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஆலங்குளம் வட்டம், தென்காசி மாவட்டம்.